திக்குவாய் உள்ள பிள்ளை ராப்பர் ஆகலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

என் மகனுக்கு 17 வயது. நாலு வயதிலிருந்து திக்குவாய். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவான். போன வாரம் சாப்பிடும்போது, தட்டை விட்டு நிமிராமல், "ராப்பர் ஆகப் போறேன்" என்றான். அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிக்க அவனுக்கு அரை நிமிடம் ஆனது. ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடும்போது வெளியே நின்று கேட்டேன், திக்கவே இல்லை. ஒரு வரி பேசவே இவ்வளவு சிரமப்படுகிற பிள்ளை, வாயை வைத்துப் பிழைக்கிற தொழிலுக்குப் போவதா? சரி என்றால் நாளைக்கு மேடையில் தலைகுனிவானோ என்று பயம். வேண்டாம் என்றால் இருக்கிற பேச்சும் நின்றுபோகுமோ என்று அதைவிடப் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 11.20

ஆகலாம், அக்கா.

எனக்கு 38 வயது. மூன்றரை வயதில் வந்த திக்கல் இன்னும் கூடவே இருக்கிறது. பகலில் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு வருடத்தில் ஏழு பாட்டு வெளியிட்டிருக்கிறேன், பதினோரு மேடை ஏறியிருக்கிறேன். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்று மட்டும்: அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான் என்றீர்களே, அந்த அரை நிமிடமும் நீங்கள் குறுக்கே பேசாமல், அவன் சொல்லை நீங்கள் முடித்து வைக்காமல் இருந்திருந்தால், பாதி வேலையை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

பிப்ரவரி 5, இரவு 10.05

கதவுக்குப் பின்னால் திக்காதது உங்கள் பிரமை இல்லை. திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்காது. பலபேரோடு சேர்ந்து ஒரே குரலாகப் படிக்கும்போது திக்காது. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டுக்கு ஒவ்வோர் அசையாகச் சொன்னாலும் திக்காது. குழந்தையிடமோ நாய்க்குட்டியிடமோ பேசும்போதும், தனியாக இருக்கும்போதும் பலருக்குத் திக்காது. பேச்சின் நேரத்தை உள்ளுக்குள் கணக்கிடுகிற வேலை எங்கள் மூளையில் தடுமாறுகிறது, வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தால் அது கைகொடுக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்கிற விளக்கம்.

என் அனுபவத்தில் சொன்னால் இப்படி. சாதாரணப் பேச்சில் அடுத்த சொல்லை எப்போது தொடங்குவது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். பீட் ஓடினால் முடிவு என்னிடம் இல்லை. தட்டு விழும் இடத்தில் சொல்லும் விழுந்தாக வேண்டும். மாடிப்படி இருட்டில் கைப்பிடிக் கம்பி கிடைத்த மாதிரி.

இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிற பாட்டிலிருந்து இரண்டு வரி:

பேரைக் கேட்டா வேரைப் போல நாக்கு கீழ இறங்கும்
நேரம் தப்பா பீட்டு வந்தா பூட்டுத் தானே திறக்கும்

பிப்ரவரி 6, காலை 7.10

பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், சுருக்கமாக. நேற்று "பாடும்போது திக்காது" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டேன். ராப் முழுக்கப் பாட்டு கிடையாது, பாதி பேச்சு. பாட்டில் உயிரெழுத்து நீளும், குரல் அறுபடாமல் ஓடும், அதனால் அடைப்புக்கு இடமே இருக்காது. ராப்பில் அசைகள் சின்னச் சின்னதாக, வெட்டு வெட்டாக வரும். க, ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் பீட் இருந்தும் எனக்கு மாட்டும். முதல் வருடம் நிறைய மாட்டியது. உங்கள் பையனுக்கும் மாட்டலாம். மாட்டினால், "பாடும்போது திக்காதுன்னாங்களே" என்று அவன் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் திருத்தம்.

பிப்ரவரி 9, இரவு 11.45

மேலே ஒருவர், "பயம்தான் காரணம், தைரியம் வந்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! பயத்தால் திக்கல் வருவதில்லை. திக்கித் திக்கித்தான் பயம் வருகிறது. மூளை வேலை செய்யும் விதமும் பரம்பரையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. என் தாய்மாமாவுக்கும் உண்டு. சின்னப் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது, அதிலும் ஆண்கள் பெண்களைப் போல நான்கு மடங்கு. யாரையோ பார்த்துப் பழகியதும் இல்லை, வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. அக்கா, இந்தக் கடைசி வரி உங்களுக்கு.

பிப்ரவரி 17, பிற்பகல்

எப்படித் தொடங்கினேன் என்று கேட்டிருந்தார்கள்.

திக்குகிறவர்களுக்கு ஒரு ரகசியத் திறமை உண்டு. சொல் மாற்றுவது. வாக்கியம் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று சொல் தள்ளி ஒரு 'ப' வருவது தெரியும், அது மாட்டும் என்பதும் தெரியும். உடனே 'பணம்' போய் 'காசு' வரும். அன்றைக்குக் 'க' சரியில்லை என்றால் 'ரூபாய்' வரும். 'தண்ணீர்' வராத நாளில் 'நீர்'. 'நாளைக்குத் திங்கட்கிழமை' என்பதற்குப் பதில் 'நாளைக்கு வாரத்தோட முதல் நாள்'. கேட்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் விசித்திரமாகப் பேசுகிறவன், அவ்வளவுதான். திக்குகிறவன் என்று தெரியாது. இப்படி முப்பது வருடம் ஓட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு மாற்றுச்சொல் நுனி நாக்கில் இருக்கும்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ராப் எழுதுவார். ஒரு நாள் எதுகைக்குச் சொல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். நான் தாளில் ஏழெட்டுச் சொல் எழுதி நீட்டினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் எங்கே இருந்துச்சு?" என்றார். எங்கே இருந்தது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் முதல் பதினாறு பாரையும் எழுதினேன் (பார் என்றால் நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று).

பிப்ரவரி 17, இரவு

பிற்பகலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் பாதிதான் இருக்கிறது, இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும்.

சொல் மாற்றுகிற திறமை எழுதும்போது உதவியது உண்மை. ஆனால் அதே திறமைதான் என்னை இத்தனை வருடம் தின்றிருக்கிறது. நான் சொல்ல நினைத்ததை நான் சொன்னதே இல்லை. சொல்ல முடிந்ததைத்தான் சொன்னேன். ராப்பில் வரி எழுதி, எதுகை பூட்டி முடித்துவிட்டால் பிறகு சொல்லை மாற்ற வழியில்லை. மாற்றினால் எதுகை உடையும், அடுத்த வரி சரியும். 'பணம்' என்று எழுதினால் 'பணம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். முதல் முறை மைக் முன்னால் அந்தச் சொல் அதன் இடத்தில் சரியாக விழுந்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் தேர்ந்தெடுத்த சொல், அப்படியே, என் வாயிலிருந்து.

என்னை இந்த இசையில் பிடித்து வைத்திருப்பது இதுதான். கைதட்டல் பிறகு வந்தது.

மார்ச் 3

வேகம் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். ராப் என்றால் மூச்சு விடாமல் கொட்டுவதுதானே, திக்குகிறவர்களால் எப்படி என்று.

கணக்கு போட்டுப் பாருங்கள். 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு உள்ள பீட்டில் ஒரு பார் சுமார் 2.7 வினாடி. பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு அசை என்று வைத்தால் வினாடிக்கு ஆறு அசை. சாதாரணமாகப் பேசுகிறவர்களே வினாடிக்கு நாலிலிருந்து ஆறு அசை பேசிவிடுகிறார்கள். ஆக வேகம் இதில் பெரிய விஷயமே இல்லை. பதினாறு பார் சேர்ந்தால் 43 வினாடி. அந்த 43 வினாடிக்குள் மூச்சை எங்கே எடுப்பது என்பதுதான் கடினம். திக்குகிறவர்கள் மூச்சு தீர்ந்த பிறகும் சொல்லைத் தள்ளிப் பார்ப்போம், அது பழக்கமாகவே ஆகிவிடும். ராப்பில் அது நடக்காது. நான் வரி எழுதும்போதே மூச்சுக்கு ஒரு கட்டம் ஒதுக்குவேன்.

கட்டம் என்று சும்மா சொல்லவில்லை. எக்செலில்தான் எழுதுகிறேன். ஒரு பாருக்குப் பதினாறு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஓர் அசை. மேலே கொடுத்த வரியையே பிரித்துப் பாருங்கள்:

பே ரைக் கேட் டா / வே ரைப் போ ல / நாக் கு கீ ழ / இ றங் கும்

பதினைந்து அசை. பதினாறாவது கட்டம் காலி, அதுதான் மூச்சு. முதல் மூன்று தட்டும் பே, வே, நா என்று நெடிலில் விழுகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்! வேகமான வரியில் நெடில் முழு இரண்டு மாத்திரைக்கு நீளாதுதான், ஆனாலும் வாய் திறந்திருக்கும். வாய் திறந்திருக்கும் இடத்தில் தட்டு விழுந்தால் வரி நிற்கும். மாத்திரைக்கு அளவு கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். விரலை நொடித்துத்தானே நாங்களும் பீட் எண்ணுகிறோம்.

மார்ச் 4

மூச்சுக்கட்டம் ஒவ்வொரு பாருக்கும் வேண்டியதில்லை. இரண்டு பாருக்கு ஒன்று போதும். எனக்கு வேண்டியிருக்கிறது, அதனால் வைக்கிறேன்.

மார்ச் 22, நள்ளிரவு தாண்டி

முதல் மேடையைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

சிறிய நிகழ்ச்சி, முப்பது நாற்பது பேர். என் பதினாறு பாரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மேடை ஏறினேன். நடத்துகிறவர் மைக்கை நீட்டி, "பேரைச் சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றார்.

திக்குகிறவர்களில் நிறையப் பேருக்கு எல்லாவற்றிலும் கடினமான சொல் சொந்தப் பெயர். அதற்கு மாற்றுச்சொல் கிடையாது. பீட் ஓடவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. கண் தானாக மூடியது, வலது கால் தரையைத் தட்டியது, சின்ன வயதிலிருந்து அடைப்பை உடைக்க நான் செய்வது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தார். நான் வேண்டுமென்றே நடிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். நடத்தியவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "டென்ஷன் ஆயிட்டார், அடுத்தவரைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பாடவே விடவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முழுப் பாட்டையும் பாடினேன். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை.

இரண்டாவது மேடைக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒன்று கற்றுக்கொண்டேன். பெயரை முதல் பாருக்குள் வைத்து எழுதிவிட்டேன். நடத்துகிறவரிடம் முன்கூட்டியே ஒரு தாள் கொடுத்தேன்: "என்னை எதுவும் கேட்க வேண்டாம், பீட்டைப் போட்டுவிடுங்கள்." தட்டு விழுந்தது, பெயர் வந்தது.

மார்ச் 22, மாலை

அக்கா, காலையில் உங்கள் பதிலைப் பார்த்தேன். என் முதல் மேடைக் கதையால் பயம் கூடிவிட்டது என்கிறீர்கள். மறைத்துவிட்டு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு நாள் அவனுக்கும் வரலாம். அன்றைக்கு வீட்டில் யாராவது காரணம் கேட்காமல் கதவைத் திறந்துவிட வேண்டும். எனக்கு என் மனைவி திறந்தாள்.

ஏப்ரல் 14

ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனின் உதாரணத்தை மூன்று பேர் போட்டுவிட்டீர்கள். ஒன்பது வயதில் கைக்கு வந்த ராப்பர் எமினெமின் ஆல்பத்தைப் பத்து வயதுக்குள் மனப்பாடமாக ராப் செய்து, அதனால் தன் திக்கல் போய்விட்டது என்று அவர் 2015இல் ஒரு மேடையில் பேசினார். ராப்பர் கென்ட்ரிக் லமாரும் சிறுவயதில் திக்கியவர்தான். செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த புலிட்சர் இசை விருது 2018இல் அவரிடம் வந்தது.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் ஸ்கேட்மேன் ஜான். ஜாஸ் பியானோ வாசித்தவர். சிறு வயதிலிருந்து கடுமையான திக்கல். ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1995இல், உலகம் முழுக்க அவர் குரல் ஒலித்தது. தன் திக்கலை மறைக்காமல் அதைப் பற்றியே பாடினார். அர்த்தமில்லாத அசைகளை அடுக்கிப் பாடும் ஸ்கேட் முறையில்தான் பாடுவார். 1999இல் இறந்துபோனார். கடைசிவரை அவருக்குத் திக்கல் இருந்தது.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும். பாடினால் போய்விடும் என்று ஒரு பையனிடம் சொல்லி வைத்தால், போகாதபோது அவன் பாட்டையே விட்டுவிடுவான்.

ஏப்ரல் 15

இதை எழுதிவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ஏனென்றால் பிப்ரவரியில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். "பூட்டுத் தானே திறக்கும்."

திறக்கவில்லையே! பீட் நின்ற மறுநொடி தொண்டையில் அது இருக்கிறது. இன்று காலையில்கூட தொலைபேசியை எடுத்து 'ஹலோ' சொல்ல முடியாமல் எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். வரி பொய் சொல்கிறது.

மாற்றிவிட்டேன்:

பேரைக் கேட்டா வேரைப் போல நாக்கு கீழ இறங்கும்
நேரம் தப்பா பீட்டு வந்தா பூட்டுக் கூட உறங்கும்

உறங்கும். அதுதான் உண்மை. பாட்டு ஓடும்வரை உறங்கும், பிறகு விழிக்கும். இறங்கும், உறங்கும் என்று வரிக்கடைசி ஒலி ஒன்றும் இயைபும் இப்போதுதான் முழுசாக உட்காருகிறது.

ஏப்ரல் 19

எனக்கே ஒரு சந்தேகம். 'திறக்கும்' என்பது 'தி'யில் தொடங்குகிறது. த எனக்கு மாட்டுகிற எழுத்து. 'உறங்கும்' உயிரெழுத்து, சுலபம். உண்மைக்காக மாற்றினேனா, பழைய வழக்கப்படி மாட்டுகிற சொல்லிலிருந்து நழுவினேனா?

நாலு நாளாக 'திறக்கும்' வரியையே பாடிப் பார்த்தேன். முதல் நாள் இருபது முறையில் ஆறு முறை மாட்டியது. இன்று இருபதிலும் மாட்டவில்லை. இப்போது இரண்டையும் என்னால் சொல்ல முடியும். 'உறங்கும்'தான் வேண்டும். வைத்துக்கொள்கிறேன்.

மே 26

ஸ்டூடியோவில் நடந்த ஒன்று. ஹெட்போனில் என் குரல் எனக்கே கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. ரெக்கார்டிங் செய்கிற தம்பி அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: நான் திக்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன். பீட் இல்லை, பாட்டு இல்லை, வெறும் பேச்சு.

இது தெரிந்த விஷயம்தானாம். பேசுகிறவரின் குரலைச் சிறிது தாமதித்து அவர் காதுக்கே அனுப்பினால் திக்குகிற சிலருக்குப் பேச்சு சீராகும். சீராகப் பேசுகிறவர்களுக்கோ நாக்கு குழறும். அந்தத் தம்பி ஹெட்போனை வாங்கி மாட்டிப் பேசிப் பார்த்தார். இரண்டு வார்த்தையில் தடுமாறி, ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

ஆமாம் என்றேன். அதற்கு முன்னால் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

(பாட்டுக்கு அது உதவவில்லை. தாமதத்தோடு பாடினால் பீட்டுக்குப் பின்னால் தள்ளிப்போகிறேன். தாமதத்தை எடுத்துவிட்டுத்தான் பதிவு செய்தோம்.)

ஜூன் 9

காசு வருமா என்று கேட்டவருக்கு. நான் கணக்கு வேலையை விடவில்லை, விடுகிற நிலையும் இல்லை. ஸ்பாடிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் அதற்குப் பணம் கணக்கில் ஏறும். என் ஏழில் இரண்டு பாட்டு தொட்டிருக்கின்றன. பீட்டை லீஸுக்கு, அதாவது வாடகைக்கு எடுத்தால் எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை வருடம் வரை என்பதை ஒப்பந்தத்தில் வரிவரியாகப் படியுங்கள். அதே பீட்டை இன்னும் பத்துப் பேருக்கு அவர்கள் கொடுத்திருக்கலாம். முழு உரிமை வேண்டுமென்றால் எக்ஸ்க்ளூசிவாக, அதாவது வேறு யாருக்கும் கொடுக்காதபடி வாங்க வேண்டும்.

ஜூலை 20

இந்த வாரம் ஒரு டேக்கில், அதாவது ஒரு முறை பாடிப் பதிந்ததில், மாட்டியது. புதுப் பாட்டு, இரண்டாவது வெர்ஸ் (பாட்டின் பத்தி), ஏழாவது பார், 'தகப்பன்' என்ற சொல். "த... த... தகப்பன்" என்று விழுந்தது. நிறுத்தப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையை ஆட்டினார், நிறுத்தாதீர்கள் என்று. போட்டுக் கேட்டோம். மூன்று 'த'வும் பதினாறு கட்டத்தில் அச்சாக உட்கார்ந்திருந்தன.

அப்படியே வைக்கலாம் என்றார் அவர். நான் அழித்துவிடச் சொன்னேன். கோபமாகவே சொன்னேன்.

ஜூலை 21

இரவெல்லாம் அந்த 'த த த' காதில். திருப்புகழின் சந்தம் ஞாபகம் வந்தது. அருணகிரிநாதரின் "முத்தைத்தரு பத்தித் திருநகை" பாடலுக்குச் சந்தக் குழிப்பு, அதாவது தாளத்தைக் காட்டும் வாய்பாடு, இப்படி வரும்: தத்தத்தன தத்தத் தனதன.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தத்தத்தன. அடைப்பு வந்தால் என் வாயிலிருந்து வருவதும் இதே ஒலிதான். பள்ளியில் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டதும் கிட்டத்தட்ட இந்த ஒலியால்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு த-வுக்கும் ஓர் இடம் இருக்கிறது, இதற்குப் பின் இதுதான் என்று கட்டு இருக்கிறது, நூற்றாண்டுகளாக மக்கள் அதை வாய்நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலில் தகிட, தகதிமி. அங்கேயும் த-தான் வாசல்.

நான் வாழ்நாள் முழுக்க ஓடி ஒளிந்த எழுத்து இது.

ஜூலை 22

இன்னும் முடிவு செய்யவில்லை. திக்கலைப் பாட்டில் வைத்தால், இதை வைத்து விளம்பரம் தேடுகிறான் என்பார்கள். அதைவிட ஒரு பயம்: நானே அடுத்த பாட்டில் வேண்டுமென்று திக்க ஆரம்பித்துவிட்டால்? சிரமப்பட்டு நிற்கிற ஒரு பிள்ளை அதைக் கேட்டால் என்ன நினைப்பான்?

ஆகஸ்ட் 11

1973இல் இதே தேதியில்தான் நியூயார்க்கின் பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை நடத்திய பார்ட்டிக்கு ரெக்கார்ட் போட்டார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுவது அந்த இரவை. பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கிற சின்னத் துண்டுக்குத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டுவது அவர் கண்டுபிடித்த முறை. பிறகு வந்தவர்கள் ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஸ்க்ராட்ச் செய்தார்கள்.

முன்னே போகாமல் ஒரே இடத்தில் நின்று அதையே மறுபடி மறுபடி சொல்வது. இந்த இசை பிறந்ததே அதில்தான்.

அந்த டேக்கை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அழிக்கச் சொன்னேனே, தம்பி அழித்திருக்கவில்லை. அது தானாக விழுந்தது, அதனால் இருக்கட்டும். நானாக இன்னொன்றைச் செய்து வைக்க மாட்டேன். இப்போதைக்கு என் முடிவு இது.

அக்டோபர் 22

இன்று உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். 1998இலிருந்து இந்தத் தேதியில்தான். அதனால் ராப்பை விட்டு ஒன்று சொல்கிறேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் பையனைக் கூட்டிப்போங்கள், அக்கா. நான் 34 வயதில்தான் போனேன். அடைப்பு வரும் இடத்தில் உதட்டை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, மூச்சை முதலில் விட்டு அதன்மேல் ஒலியை ஏற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். திக்கல் போகவில்லை, சண்டை குறைந்தது. பாட்டுக்கும் அது உதவுகிறது, அலுவலகக் கூட்டத்துக்கும் உதவுகிறது. இப்போதெல்லாம் 'பணம்' வராதபோது 'காசு'க்கு ஓடுவதில்லை. நின்று, திக்கி, 'பணம்' என்றே சொல்கிறேன். எதிரே இருக்கிறவர் காத்திருக்கட்டும்.

நவம்பர் 10, இரவு 10.30

அக்காவின் மகன் நேரடியாக எனக்கு ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன். 43 வினாடி, 90 பிபிஎம், கைபேசியில் பதிந்தது, பின்னால் மின்விசிறிச் சத்தம். முதல் பாரில் தன் பெயரை வைத்திருக்கிறான். அதை நான் எழுத மாட்டேன், சொல்ல வேண்டியது அவன். ஐந்து முறை கேட்டேன். என் மகளைக் கூப்பிட்டு ஒரு முறை கேட்க வைத்தேன். "அந்த அண்ணன் பேர் நல்லா இருக்கு" என்றாள்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். எதுகை எல்லா வரியிலும் தேட வேண்டாம். பத்தாவது பாரில் எதுகைக்காக ஒரு சொல்லை இழுத்து வந்திருக்கிறாய், நீ சொல்ல வந்தது அது இல்லை என்று குரலிலேயே தெரிகிறது. அப்புறம் மூன்றாவது பார். 'பகல்' என்பதற்கு முன்னால் மூச்சு தீர்ந்துவிடுகிறது, பிறகு தள்ளுகிறாய். இரண்டாவது பாரின் கடைசிக் கட்டத்தைக் காலி செய். 'உம்' போனாலும் பொருள் கெடாது. அங்கே மூச்சை எடுத்துவிட்டு 'பகல்' சொல்லி, மறுபடி அனுப்பு.